இறக்கம் பார்த்து நிறுத்திய ஐந்து வருடம்

எங்கள் ஜீப்புக்கு ஐந்து வருடமாகச் செல்ஃப் கிடையாது. சாவியைத் திருகினால் "டக்" என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அந்த வண்டியில் நாங்கள் போகாத இடமில்லை. மஞ்சூரில் குடியிருப்பவர்களுக்குச் செல்ஃப் மோட்டார் அப்படியொன்றும் முக்கியமில்லை. இறக்கம்தான் முக்கியம். அது எங்களுக்கு வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

முறை இதுதான். வண்டியை எப்போதும் மூக்கு கீழே பார்க்கும்படி நிறுத்த வேண்டும். முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுக்க வேண்டும். கிளம்பும்போது என் கணவர் ஏறி உட்கார்ந்து, இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நான் கல்லை உருவ வேண்டும். வண்டி உருள ஆரம்பித்ததும் கிளட்சை விடுவார். ஒரு குலுங்கு குலுங்கி, கறுப்பாகப் புகையைத் துப்பிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் நான் ஏற வேண்டும். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சாப்பிட்டு முடித்தவர்கள் வெற்றிலை போட்டபடி வேடிக்கை பார்க்க, கல்யாண மண்டப வாசலில் கல்லோடு ஓடியவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சொந்தக்காரர்களோடு எங்கள் போக்குவரத்தே இறக்கத்தைப் பார்த்து அமைந்துபோனது. வெலிங்டனில் என் சித்தி மகள் வீட்டுக்கு வருடத்தில் நான்கு முறை போவோம். பாசம் ஒரு காரணம், அவள் குவார்ட்டர்ஸ் முன்னால் இருக்கிற செங்குத்தான ரோடு இன்னொரு காரணம். ஸ்ரீமதுரையில் கட்டிக்கொடுத்த என் நங்கையா, அதாவது என் கணவரின் அக்கா, வயலுக்கு நடுவே குடியிருந்தார். வாசல் தட்டு போலச் சமமாக இருக்கும். அங்கே போனால் இன்ஜினை அணைக்க முடியாது. வண்டி வாசலில் உறுமிக்கொண்டே நிற்க, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். எங்களைப் பார்க்க வந்தீர்களா, டீசல் எரிக்க வந்தீர்களா என்று நங்கையா ஒருமுறை கேட்டேவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் என் கணவரின் சோம்பேறித்தனம் என்பது ஐந்து வருடமாக நான் ஊருக்குச் சொன்ன கதை. அவர் ஒரு டீ ஃபேக்டரியில் டீ மேக்கர். வாட்டிய இலையைக் கையில் அள்ளி ஒரு பிடி பிடித்தாலே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். வீட்டு வேலை என்று வந்தால் மட்டும் எதையும் நாளைக்குத் தள்ளுவார். "எங்க ஊட்டுக்காரருக்கு மலைதான் செல்ஃப்" என்று நான் ஆரம்பித்தால் ஆசிரியர் அறையே சிரிக்கும். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் கண், காது, மூக்கு வைத்து அந்தக் கதையைச் சொல்வேன். ஃபேக்டரி ஆட்களும் கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதனால் அவருக்கு அது வலிக்கவில்லை என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் இடைநிலை ஆசிரியையாக இருந்துவிட்டேன். ஐந்து தலைமை ஆசிரியர்களுக்குக் கீழே வேலை பார்த்து, அந்த ஐந்து பேருடைய பதிவேடுகளையும் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். கலந்தாய்வில் எனக்குக் கிடைத்தது மஞ்சூருக்குக் கீழே, அணைக்கட்டுப் பக்கம் போகிற ரோட்டில், ஒரு பள்ளத்தில் இருக்கிற சின்னத் தொடக்கப் பள்ளி. பத்து நாளுக்குள் தலைமை ஆசிரியையாகப் போய்ச் சேர வேண்டும். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்தால் மறுபடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பள்ளியைப் பார்க்கப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி இறங்கிப் போய்க் கடைசி வளைவில் திரும்பியதும் பள்ளிக்கூடம் தெரிந்தது. பச்சை மலைகளுக்கு நடுவே ஓட்டுக் கட்டிடம், ஒரு கொடிக்கம்பம், பெரிய மைதானம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவர் மட்டும் வண்டியை அணைக்காமல் இறங்கி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மின்திட்டம் கட்டிய காலத்தில் சாமான் இறக்கி வைக்க மலையை வெட்டிச் சமமாக்கிய இடமாம். நம் மலையில் இவ்வளவு சமமான நிலத்தை ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானத்துக்கு அடுத்து இங்கேதான் பார்த்தேன். அவர் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து மைதானத்தின் நடுவில் படுக்க வைத்தார். அது எந்தப் பக்கமும் உருளவில்லை. இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

"எங்கயுமே இறக்கம் இல்ல புள்ள" என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் இறங்குவதற்குக் கவலையில்லை, எங்கள் வாசல் இறக்கம் பார்த்துக்கொள்ளும். சாயங்காலம்தான் சிக்கல். திரும்புகிற பஸ் பள்ளிக்கூடம் விடுவதற்கு அரைமணி நேரம் முன்பே போய்விடும். அடுத்தது இருட்டிய பிறகுதான். அவருக்கு மத்தியான ஷிஃப்ட், கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் ஃபேக்டரியை விட்டு ஒரு நிமிடம் நகர முடியாது. கீழே வாடகைக்கு ஒரு அறைகூட இல்லை. நான் ஜீப் ஓட்டுவேன், லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அந்த மைதானத்தில் ஒருமுறை அணைத்துவிட்டால் நான் தனியாக எப்படிக் கிளப்புவது? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுத் தள்ளச் சொல்லலாம். ஆனால் தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று ஊர் சிரித்தால் அந்த நாற்காலியில் நான் எப்படி உட்காருவேன்?

மைதானத்துக்கு மேலே ரோட்டில் ஒரு நல்ல இறக்கம் இருந்தது. அங்கே நிறுத்திவிட்டு நடந்து வரலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா காதில் விழுந்துவிட்டது. அவர்தான் அந்தப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர்.

"அங்க வேண்டாமுங்க. நாலு மணிக்கு மேல காட்டெருமை தண்ணிக்கு இறங்கற வழிங்க அது. வண்டியச் சுத்தி நின்னுக்கிச்சுன்னா அதுங்களாப் போனாத்தான் உண்டு" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரண்டு கறுத்த முதுகுகள் தெரிந்தன. நாங்கள் வண்டியில் ஏறிவிட்டோம்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து, பதவி உயர்வு வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று எழுதும்போது பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. வேறு தாள் எடுத்து எழுதினேன். கோபம் முழுக்க அவர் மேல்தான். ஒரு செல்ஃபைச் சரிசெய்யாத மனிதனால் என் இருபது வருடம் வீணாகிறது என்று சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். அவர் கடிதத்தை எடுத்து முழுதும் படித்தார். பிறகு நான்காகக் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டார்.

"வெசாளக்கிழமை லீவு சொல்லியிருக்கேன். ஊட்டி போலாம். அந்தாளுகிட்டயே போலாம்" என்றார்.

அந்தாள் என்றது ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கிற எலக்ட்ரீஷியனை. இவ்வளவு பழைய ஜீப்பின் செல்ஃபில் கைவைக்கிற ஆள் அவர் ஒருவர்தான். ஆனால் அவரோடு எங்களுக்கு ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முதன்முதலில் செல்ஃப் கெட்டபோது என் கணவர் மோட்டாரைக் கழற்றிச் சாக்குப்பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோய் அவரிடம்தான் கொடுத்தார். அவர் சரிசெய்து, ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தனுப்பினார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் கொட்டகையில் வைத்திருந்து, லீவு நாளில் மாட்டினால் "டக்". அவ்வளவுதான், நான் போனை எடுத்துவிட்டேன். நம்பி வந்தவர்களை ஏமாற்றுகிற பிழைப்பு ஒரு பிழைப்பா என்று ஆரம்பித்து, வகுப்பில் பேசுகிற குரலில் கால்மணி நேரம் பேசினேன். வண்டியைக் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன் என்று அவர் இரண்டு முறை சொன்னார். உங்கள் கடைப்பக்கம் இனிமேல் தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்று வைத்துவிட்டேன். வேறு எங்கேயாவது காட்டலாம் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இறக்கம் இருந்ததால் அது அப்படியே தள்ளிப்போனது.

வியாழக்கிழமை ஊட்டிக்குக் கிளம்பினோம். அந்தக் கடை முன்னாலும் சமதரைதான். அங்கே அணைத்தால் சரியாகாமல் திரும்ப முடியாது. கடை வந்ததும் இவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சாவியைத் திருகி அணைத்தார். கல்லை இறக்கத் தேவையில்லாத இடத்தில் பழக்கத்தில் நான் கல்லோடு இறங்கி நின்றேன்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார். மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"அஞ்சு வருசங் கழிச்சு வண்டியக் கொண்டாந்துட்டீங்க" என்றார். வாங்க என்றும் சொல்லவில்லை, உட்காருங்க என்றும் சொல்லவில்லை. கடையில் வேலைக்கு நிறுத்தியிருந்த வண்டிக்காரர்கள் நான்கைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். எங்களைத் தவிர எல்லாருக்கும் டீ வந்தது.

என் கணவர் என் விஷயத்தைச் சொன்னார். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், பள்ளிக்கூடம் சமதரையில் இருக்கிறது, இது சரியாகவில்லை என்றால் பதவி உயர்வை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கடைக்காரர் சாவியைத் திருகினார். "டக்". பேட்டரி வயரைக் கழற்றினார். சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில், மண்ணும் எண்ணெயும் அப்பிய மோட்டாரை மார்பில் அணைத்தபடி வெளியே வந்தார்.

அதைத் தரையில் கிடத்தி, உருளாமல் காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயர்கள் எடுத்தார். ஒன்றை மோட்டாரின் முனையில் வைத்தார். இன்னொன்றை மோட்டாரின் உடம்பில் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பொறிகூட வரவில்லை. செத்தே போய்விட்டது என்று நினைத்தேன். அவர் வயரை நகர்த்தி மோட்டாரின் தண்டில் தொட்டார். மோட்டார் விர்ரென்று சுற்றி அவர் காலடியில் துள்ளியது. மறுபடி உடம்பில் தொட்டார். ஒன்றுமில்லை. தண்டில் தொட்டார். சுற்றியது.

அவர் வயரைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மோட்டாரின் உடம்பைச் சுரண்டினார். அழுக்கு போனது. அழுக்குக்கு அடியில் பச்சையாக ஒன்று சுருள் சுருளாக உரிந்து வந்தது. அதையும் சுரண்டினார். வெள்ளையாக இரும்பு தெரிந்த இடத்தில் வயரைத் தொட்டார். விர்ரென்று சுற்றியது.

"என்னுங்ணா இது, பெயிண்ட்டா?" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பச்சை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் தகரக் கூரையின் பச்சை.

எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு பழக்கம் உண்டு. மே மாதக் கடைசியில், மழை பிடிப்பதற்குள், எல்லாரும் கூரைத் தகரத்துக்குப் பெயிண்ட் அடித்துவிடுவோம். விட்டால் மூடுபனியும் மழையும் சேர்ந்து ஒரே வருடத்தில் தகரத்தைத் தின்றுவிடும். கூரை முடிந்ததும் டப்பாவில் கொஞ்சம் மிஞ்சும். அதை வீணாக்க மனம் வராது. கேட்டுக்கு அடிப்போம், தண்ணீர் டிரம்முக்கு அடிப்போம், கோழிக்கூட்டுக் கம்பிக்கு அடிப்போம். பிரஷ் கையில் இருந்தால் எனக்கு நிதானம் இருக்காது. தையல் மெஷினின் காலுக்குக்கூட அடித்திருக்கிறேன். அந்த வருடம் கொட்டகையில் ஒரு சாக்குப்பை கிடந்தது. திறந்து பார்த்தால் உள்ளே மோட்டார். இவ்வளவு கொடுத்துச் சரிசெய்த சாமான் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று, அக்கறையாக, ஒரு இடுக்கு விடாமல், இரண்டு பூச்சு பூசினேன். ஜீப்பின் சட்டத்தில் ஒரு போல்ட்டைச் சுற்றிக் கொஞ்சம் இரும்பு வெறுமனே மினுங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு பூச்சு. மாட்டும்போது இவர் அந்தப் பச்சையைப் பார்த்துக் கடையில் அடித்துக் கொடுத்தது என்று நினைத்திருக்க வேண்டும்.

கடைக்காரர் பெஞ்சில் இருந்தவர்களுக்கு விளக்கினார். மின்சாரம் தடித்த வயர் வழியாக மோட்டாருக்குப் போகும், திரும்பி வருவது இரும்பின் வழியாக. இரும்போடு இரும்பு ஒட்ட வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் பாதை அடைத்துக்கொள்ளும். மோட்டாரைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு சின்னக் கார்பன் கட்டையை எடுத்து என் கணவரிடம் நீட்டினார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர் போட்டது. கொஞ்சம்கூடத் தேயவில்லை.

"எந்தப் புண்ணியவானுங்ணா செல்ஃபுக்குப் பெயிண்ட் அடிச்சது?" என்றார். பெஞ்சே சிரித்தது.

என் கணவர் அந்தப் பச்சைச் சுருளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"நாந்தானுங்க. துருப்பிடிக்குமேன்னு அடிச்சுட்டேன். உங்க மேல பழி போட்டது தப்புங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். யார் செய்தது, எழுந்து நில் என்று இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் கேட்டு வந்தவள் நான். அன்று கையில் கல்லோடு நின்றுகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. போனில் கால்மணி நேரம் பேசிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, தப்பித்தோம் என்றும் இருந்தது, அதுதான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கடைக்காரர் உப்புத்தாளால் மோட்டாரைத் தேய்த்து வெளுக்க வைத்தார். சட்டத்தில் எர்த் வயர் உட்காருகிற இடத்தையும் தேய்த்தார். அங்கேயும் பச்சை. மாட்டி முடித்து, சாவியை என்னிடம் நீட்டி, நீங்களே போட்டுப் பாருங்க டீச்சர் என்றார். நான் ஏறி உட்கார்ந்து திருகினேன். ஐந்து வருடமாக "டக்" என்று மட்டும் சொல்லி வந்த வண்டி ஒரே திருகில் கிளம்பிவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எங்களுக்கும் டீ வந்தது.

திரும்பும்போது என் கணவர் என்னையே ஓட்டச் சொன்னார். எமரால்டு தாண்டிக் கொஞ்சம் சமமான இடம் கண்ணில் பட்டால் போதும், நிறுத்து, அணை, போடு என்பார். போட்டதும் கிளம்பும். ஒவ்வொரு தடவையும் இருவரும் சிரித்தோம். நான்காவது தடவை நிறுத்தியபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ திங்கக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ். நாலு பேருக்கு முன்னால நீ சிரிப்புக்கு ஆளாகக் கூடாது. என்னையப் பாத்து எல்லாரும் ஏற்கெனவே சிரிச்சுட்டுத்தான இருக்கறாங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அவர்களைச் சிரிக்க வைத்தவள் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு மஞ்சூர் வரும் வரை நான் எங்கேயும் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். மொத்தம் இருபத்தாறு பிள்ளைகள், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். நாற்காலியின் ஒரு கால் கொஞ்சம் ஆடியது. அட்டையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன், மனம் நிறைந்திருந்தது. நாலு மணிக்கு எல்லாரும் போன பிறகு மைதானத்தின் நடுவில் ஜீப் மட்டும் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். திருகினேன். பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு மறுபடி திருகினேன். பூட்டுப் போட்டுக்கொண்டிருந்த சமையல் அம்மா, வண்டி ஏதாவது கோளாறா என்று வந்து கேட்டார். இல்லீங்க, நல்லா இருக்குது என்றேன். அது நன்றாக இருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் போதவில்லை.

அந்த வாரமெல்லாம் வேலை நன்றாகவே போனது. ஆனால் காலை வழிபாட்டில் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்கும்போதெல்லாம் அந்தப் பெஞ்சு நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், சாக்பீஸை உடைத்தது நான்தான் டீச்சர் என்று கேட்காமலேயே எழுந்து நின்றான். எனக்கு அவனை நேராகப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை சில தாள்களைக் கொடுக்க ஊட்டியில் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே சிரிப்புச் சத்தம். கடைக்காரர் யாரோ இரண்டு பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மஞ்சூர்க்காரர் ஒருவர், செல்ஃபுக்குக் கூரைப் பெயிண்ட் அடித்து, ஐந்து வருடம் மலை மலையாக உருட்டிக்கொண்டு திரிந்தாராம். நன்றாகத்தான் சொன்னார். கண், காது, மூக்கு எல்லாம் இருந்தது. நான் சொன்ன கதையைப் போலவே இருந்தது. கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவரில்லீங்க. பெயிண்ட் அடிச்சது நானுங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னால போன்ல உங்களப் பேசினதும் நாந்தான்" என்றேன்.

கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"தெரியுமுங்க டீச்சர். அண்ணன் நாந்தான்னு சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன்" என்றார்.

தெரிந்துமா அவரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அவரு அப்படித்தானுங்க சொன்னாரு. அவரு சொன்ன மாதிரிதான நான் சொல்லோணும்?"

இனிமேல் என்னைச் சொல்லுங்கள் என்றேன். அவர் எனக்கு ஒரு டீ சொல்லி, பெஞ்சைத் துடைத்து என்னை உட்கார வைத்தார். நான் இருக்கும்போதே அடுத்து வந்த ஆட்டோக்காரருக்குக் கதையை மாற்றிச் சொன்னார். அதில் நான் இன்னும் அதிகமாகப் பெயிண்ட் அடித்திருந்தேன். பேட்டரிக்கும் அடித்ததாகச் சொன்னபோது அது இல்லீங்க என்று நானே திருத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். அன்று ஷிஃப்ட் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைக்குக் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தவர் கையிலிருந்த காயைக் கிள்ளித் தட்டில் போட்டார். சந்தோஷமா, இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஊட்டிக் கடையில சொல்லிட்ட. சரி. அஞ்சு வருசமா என்னையச் சொன்னியே, அத்தன பேருக்கும் யாரு சொல்றது?" என்றார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் நான் போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். முதலில் நங்கையா. முழுக்கக் கேட்டுவிட்டு, இனிமேலாவது உட்கார்ந்து காபி குடிப்பீர்களா என்று மட்டும் கேட்டார். அடுத்து வெலிங்டன். அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அடுத்து பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், ஒவ்வொருவராக. ஒவ்வொரு போனிலும் கதையை முதலிலிருந்து சொன்னேன், ஒரு பூச்சைக்கூடக் குறைக்காமல். ஏழாவது போனுக்கு அவர் கொத்தவரங்காயைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்ததால் வந்ததுதான் என்று பிறகு சொன்னார்.

"போதும் விடு புள்ள. உன் ஸ்கூல் வரைக்கும் தெரிஞ்சுபோயிரும்."

"தெரியட்டுமுங்க" என்றேன். கையை விடுவித்துக்கொண்டு அவருடைய ஃபேக்டரி ஆபீஸ் நம்பரைத் தேட ஆரம்பித்தேன்.